இரண்டாவது குரல்

மெண்டல்சன் எழுதிய ‘ஃபியூக்’ என்ற மேற்கத்திய பியானோ இசையைப் பழக ராஜரத்தினம் ஒரு வழி வைத்திருந்தார். அதில் ‘குரல்’ எனப்படும் இசையோட்டங்கள் நான்கு உண்டு. ஒன்று தனியே தொடங்கும். அதே மெட்டை அடுத்தது பிடித்துக்கொள்ள, முதலாவது தன் போக்கில் போகும். மூன்று குரல்களை அவர் பியானோவில் வாசிப்பார். இரண்டாவதை விரல் தொடாமல் விட்டுவிடுவார். அதை அடுப்படியில் இருந்தபடியே அவர் மனைவி எமல்டா பாடுவாள். கல்யாணமான நாள் முதல் இதுதான் வழக்கம்.

புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை எடுத்த பிறகு அவர் பியானோவைத் தொடவே இல்லை. இன்று காலை அவளே அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கழுத்துக் கட்டைத் தடவியபடி பக்கத்தில் அமர்ந்தாள்.

நான்கையும் வாசித்துவிட வேண்டும் என்றுதான் தொடங்கினார். விரல்கள் கேட்கவில்லை. அவள் இடத்தை அவளுக்கே விட்டுவிட்டு ஓடின. அங்கெல்லாம் அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. புயலாய்ச் சுழன்ற இசை கடைசியில் தேவாலயத்து ஞானப்பாட்டைப் போல நிமிர்ந்து நின்று ஓய்ந்தது. அவளைப் பார்க்கத் துணியாமல் அவர் எழுந்தார்.

திறந்திருந்த வாசலில் ஊருக்குப் புதியவரான கூரியர்காரர் பார்சலோடு நின்றிருந்தார். எப்போதோ செருப்பைக் கழற்றியிருந்தார்.

“கூப்பிட்டிருக்கலாமே, தம்பி” என்று ராஜரத்தினம் கை நீட்டினார்.

வந்தவர் பார்சலைக் கொடுக்கவில்லை. பார்வை எமல்டாவை விட்டு நகரவில்லை.

“கொஞ்சம் இருங்க, சார்” என்றார் தாழ்ந்த குரலில். “அம்மா இன்னும் பாடிக்கிட்டு இருக்காங்கல்லா.”