வெட்டிய கைதட்டு

வில்லாபுரம் ரெக்கார்டிங் கடையின் கண்ணாடிக் கதவு வழியாகச் சாய்ந்த வெயில், நாகலக்ஷ்மியின் மடியிலுள்ள இசைத்தட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. எழுபத்துநாலில் லண்டன் மேடையில் பாடப்பாடவே பதிவு செய்த ராக் கச்சேரி அது. படிக்கப் போன அவள் அண்ணன் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டவர். அவர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தத் தட்டுதான் ஊர் வந்தது. வீட்டு ப்ளேயர் கெட்டுப்போனதால் கேசட்டில் பதியக் கொடுத்திருந்தாள். கடைக்கார சாம்பசிவம் அந்தக் கேசட்டை இப்போது ஓடவிடுகிறார். கிடார்க்காரன் கடைசிச் சுரத்தை விடாமல் இழுக்கிறான். கூட்டம் பொறுக்கமாட்டாமல் ஆர்ப்பரிக்கும் இடம். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். சட்டென்று அடுத்த பாட்டு வருகிறது. "சத்தத்தை எங்க தம்பி?" "கைதட்டு, விசில் அம்புட்டையும் வெட்டிட்டேங்க்கா. ஒரே கேசட்டுல அடங்கணும்ல? எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் குடுப்பேன்." "பாட்டை வேணா வெட்டிக்கங்க. எங்கண்ணே அந்தச் சத்தத்துக்குள்ளதான இருக்காரு." சாம்பசிவம் தட்டை வாங்கித் துணியால் ஒற்றி, சுழலவிட்டு, முள்ளை மெல்ல இறக்குகிறார். சுரம் முடிகிறது. கூட்டம் பொங்குகிறது, எவரோ நீளமாக விசிலடிக்கிறார். சாம்பசிவம் எழுந்து, இரைந்துகொண்டிருந்த ஃபேனை நிறுத்துகிறார்.