எதிரணிக்குக் கைதட்டியவள்

“விடாத! உள்ள வந்து அடி! ஓங்கி அடி!”

தியாகேசன் திரும்பிப் பார்க்காமலே, “ஆரம்பிச்சிட்டியா பிரீதா?” என்றார்.

கீரப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த தியாகேசன், சிதம்பரத்தில் தில்லை லெவன்ஸ் ஆடிய ஹாக்கி ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. சுற்றுவட்டாரமே அந்த அணிக்குத்தான் கைதட்டும், பிரீதாவைத் தவிர. 2004-இல் இரட்டைச் சடையோடு வந்து உட்கார்ந்த நாள் முதல், கல்லூரிக்குப் போகும் இந்த 2010 வரை, விழுப்புரம் வந்தால் விழுப்புரத்துக்கு, பாண்டிச்சேரி வந்தால் பாண்டிச்சேரிக்குத்தான் அவள் குரல். தில்லை லெவன்ஸ் ஆறு கோல், ஏழு கோல் என்று அடித்து நொறுக்கும்போது ஊர் துள்ளிக் குதிக்கும்; இவள் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை பின்னாலிருந்து யாரோ வேர்க்கடலைத் தோலை அவள் தலையில் கொட்டினார்கள். தட்டிவிட்டுக்கொண்டு மறுபடியும் கத்தினாள்.

“பொறந்தது சிதம்பரம், திங்கறது சிதம்பரத்துச் சோறு. அப்புறம் என்னா உனக்கு?” என்று அவரும் பலமுறை கேட்டாயிற்று.

“அது அப்படித்தான் மாமா” என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

இன்று இறுதி ஆட்டம். எதிரே திருப்பாதிரிப்புலியூர் அணி. இந்த வருஷம் புதுப் பையன்களைச் சேர்த்து வந்திருந்தார்கள். தில்லை லெவன்ஸ் முக்கி முனகி ஒரு கோல் அடித்திருந்தது, அவ்வளவுதான்.

தியாகேசன் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரேன். முன்னாடி சேர்ல பாரு, மெட்ராஸ்லேருந்து செலக்‌ஷனுக்கு வந்திருக்காங்க. நம்ம பசங்க பொழைப்பு இது.”

“அதனாலதான் மாமா கத்துறேன்.”

தியாகேசனுக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் இவ்வளவு கல்நெஞ்சா? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டம் முடியும் நேரம். நடுவர் விசில் ஊதினார். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டது. பிரீதா மட்டும் பெஞ்சில் ஏறி நின்று, “நல்லா அடிண்ணா! உன்னால எவ்ளோ முடியுமோ அவ்ளோ வேகமா!” என்று கத்தினாள்.

பந்து வலது மூலைக்குச் சீறியது. கோல் கீப்பர் அப்படியே பக்கவாட்டில் பாய்ந்து, கையால் தட்டி வெளியே தள்ளினான்.

தில்லை லெவன்ஸ் ஜெயித்தது. கூட்டம் மைதானத்துக்குள் ஓடியது. “என்னாம்மா, மூஞ்சி தொங்கிப்போச்சா?” என்று கேட்டபடி திரும்பிய தியாகேசன் திகைத்தார். பிரீதா அழுதுகொண்டே கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் முன்வரிசை நாற்காலியிலிருந்த சென்னைக்காரர் அவர்கள் பக்கம் வந்தார். “அந்த கோல் கீப்பர் பேர் என்னங்க?”

அணியின் மற்ற பத்துப் பேரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் தியாகேசனுக்கு, முகமூடிக்குள் இருந்தவன் பேர் மட்டும் வரவில்லை.

“சிவசங்கர் சார். எங்க அண்ணன்” என்றாள் பிரீதா. “நம்ம டீம் ரொம்ப நல்ல டீம் சார், அவன்கிட்ட பந்தே வராது. எதிர்ல இருக்கவங்க அடிச்சாத்தானே அவன் தடுக்கிறத யாராச்சும் பாப்பாங்க?”