கேப்டன் வீட்டுச் சிவப்புப் பாவாடை

"உங்க சிவப்புப் பாவாடை வேணும்."

எலியாகிம் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு இதைச் சொன்னதும், விதவை எப்சிபா பாதி திறந்திருந்த கதவை முக்கால்வாசி சாத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கில்ல, மாட்டுக்கு" என்றார். சொன்ன பிறகுதான், இது முன்னதைவிட மோசம் என்று அவருக்கே உறைத்தது.

பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் கயிறு விற்றவர் அவர். லண்டனில் அச்சான மாட்டு வளர்ப்புப் புத்தகம் ஒன்றை இரண்டு முறை படித்துவிட்டு, கடையை விற்று, செத்துப்போன ஊர்ப் படைக் கேப்டன் ஆசகேலின் பால் பண்ணையை அவர் மனைவி எப்சிபாவிடமிருந்து வாங்கியிருந்தார். கேப்டன் நிலத்தை வாங்கினவனுக்கு, ஜெபக்கூடத்தில் கேப்டன் உட்கார்ந்த முதல் வரிசையும் தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

வாங்கின அன்றைக்கு அவர் காட்டிய கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தால் காது சுட்டது. பால் தட்டு, வெண்ணெய் கடையும் பீப்பாய், பாலாடைக்கட்டி அழுத்தும் பலகை, வடிகட்டும் துணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "ஒரு கரண்டிகூட வெளிய போகக் கூடாது" என்று கறாராகச் சொன்னார். துணி மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று எப்சிபா கேட்டபோது, "பொம்பளத் துணி எனக்கெதுக்கும்மா" என்று பெரிய மனது பண்ணினார்.

மறுநாளே மாடுகள் பாலை எக்கிக்கொண்டன, ஒரு சொட்டு இறக்கவில்லை. புத்தகத்தில் சொன்னபடி உட்கார்ந்தார், உதைத்தன. சொல்லாதபடி உட்கார்ந்து பார்த்தார், இன்னும் நன்றாக உதைத்தன.

அந்த ஊரில் ஆண்பிள்ளை உழுவான், மரம் வெட்டுவான், ஓநாயைச் சுடுவான். மாட்டு மடியில் கை வைக்க மாட்டான், அது பெண்பிள்ளை வேலை. எலியாகிமுக்கோ மனைவி இல்லை. உதவிக்கு வந்த பக்கத்துப் பண்ணை டார்கஸும் வாங்கிய உதையில் நொண்டிக்கொண்டே திரும்பினாள்.

"மாடு ஆளைப் பாக்காது, துணி வாசனையத்தான் பாக்கும்" என்றாள் டார்கஸ், முழங்காலைத் தடவியபடி. "நாங்க ரோட்டுல போறப்பல்லாம் பாப்போமே. கருக்கல்லயே முக்காடும் சிவப்புப் பாவாடையுமா அந்தம்மா குனிஞ்சு கறந்துட்டிருக்கும். புருஷன் ஊர்ப் படையை மேய்ப்பாரு, பொண்டாட்டி மாட்டை மேய்ப்பா. அது குடும்பம். நீங்களும் இருக்கீங்களே."

இன்னும் இரண்டு நாள் போனால் மாடுகள் மொத்தமாக வற்றிவிடும். திரும்பிப் போகக் கடையும் இல்லை. அதனால்தான், வெட்கத்தை வழியில் எங்கேயோ விட்டுவிட்டு, எப்சிபா குடியிருந்த மகள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு எப்சிபா, "யாரு கட்டிக்கப் போறா?" என்றாள்.

"நான்தான்."

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பை எப்படியோ விழுங்கினாள். "சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போய், மூட்டையிலிருந்து பாவாடையும் முக்காடும் எடுத்து வந்தாள். "நானும் வரேன். இதைப் பாக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

சாயங்காலம் தொழுவத்தில் எலியாகிம் பாவாடையைக் கட்டினார். எப்சிபா அவர் முழங்கை உயரம்தான் இருப்பாள். ஆனால் பாவாடை அவர் கணுக்கால்வரை இறங்கி, அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. பெண்கள் துணியில் மடிப்பு அதிகம், அதுதான் நீளுகிறது என்று அவர் தனக்குத் தானே விளக்கிக்கொண்டார். விளக்கம் சொல்வதில் அவருக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

முக்காட்டையும் போட்டுக்கொண்டு மூத்த பசு செர்ரியின் பக்கத்தில் குந்தினார். அது பாவாடையை ஒருமுறை மோந்தது. பெருமூச்சு விட்டது. அடுத்த நொடி வாளியில் சர்ரென்று பால் இறங்கியது.

எலியாகிமுக்குக் கண் கலங்கிவிட்டது. பண்ணை பிழைத்தது. வேலிக்கு வெளியே நின்ற எப்சிபாவுக்குக் கேட்கிற மாதிரி, "முதல் வரிசைக்கு ஆசைப்பட்டேன்மா. முக்காடு கிடைச்சிருக்கு" என்றார். "மேலேருந்து கேப்டன் பாத்தா என்ன நினைப்பாரு? அவர் எப்பேர்ப்பட்ட ஆம்பளை. அவர் இடத்துல இப்படி ஒரு ஆளு, பாவாடை கட்டிக்கிட்டு."

எப்சிபா ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் அங்கேயே நிக்கறீங்க? உள்ள வந்து இதுக்கு முதுகுல ஒரு தட்டு தட்டுங்க. உங்க கைய மறந்திருக்காது."

"ஐயோ, நான் வரல. சின்ன வயசுல ஒண்ணு முட்டித் தள்ளினதுலேருந்து மாடுன்னாலே எனக்குக் கை கால் நடுங்கும். இன்னிவரைக்கும் ஒரு மாட்டைத் தொட்டதில்ல."

எலியாகிமின் கை மடியிலேயே நின்றது. "அப்ப, இத்தனை வருஷமா இதைக் கட்டிக்கிட்டுக் கறந்தது யாரு?"

எப்சிபா வேலிமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கேப்டனும் உங்க உயரம்தான்."