சுவரில் ஈரம்

ஒரு காட்டில் இருவாச்சித் தம்பதி ஒன்று இருந்தது. முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி மரப்பொந்துக்குள் போய், அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். கணவன் பழம் கொண்டுவந்து ஊட்டினான்.

முதலில் ஒரு நாளைக்கு இருபது தடவை வந்தான். அப்புறம் அது நான்காகக் குறைந்தது. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“எங்கே போயிட்டு வர்றீங்க?”

“பழத்துக்குத்தான்.”

“அத்திமரம் பக்கத்திலேயே இருக்கே. அதுக்கா இவ்வளவு நேரம்?”

“சாப்பிடு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அவன் போனதும் சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வந்தாள். பொந்துக்குள் உதிர்ந்து மறுபடி பாதியே முளைத்திருந்த இறகுகளோடு கிளை கிளையாகத் தாவி அவன் பின்னாலேயே போனாள்.

அங்கே வேறு யாரும் இல்லை. அவனுடைய ஒரு சிறகு ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவனும் கிளை கிளையாகத்தான் தாவினான். ஒவ்வொரு கிளையிலும் நின்று மூச்சு வாங்கினான். தெரிந்தால் இவள் முட்டையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள் என்று பயந்திருக்கிறான்.

அவள் சத்தம் காட்டாமல் திரும்பி வந்தாள். முட்டையில் இன்னும் சூடு இருந்தது. வாசலை மறுபடி பூசிக்கொண்டாள்.

மதியம் அவன் வந்தான். “சுவர் ஏன் ஈரமா இருக்கு?”

“மழை பெய்ஞ்சுது.”

அவன் மேலே பார்த்தான். வானம் பளிச்சென்று இருந்தது.

“நாளையிலேர்ந்து ரெண்டு தடவை வந்தாப் போதும். எனக்கு இப்பெல்லாம் அவ்வளவா பசிக்கிறதில்லை,” என்றாள்.

இவளுக்கு என்ன ஆச்சு என்று யோசித்துக்கொண்டே அவன் அடுத்த கிளைக்குத் தாவினான்.