ஒரு கூடை தூரம்

லிந்துலை மலைச்சரிவில் பனிமூட்டம் கரைந்தும் கரையாமலும் நிற்கிறது. அழகம்மையின் விரல்கள் தேயிலைக் கொழுந்து கிள்ளுகின்றன. கண்கள் வடக்கே, ஒன்றும் தெரியாத வெண்மையில் அலைகின்றன. படிக்கப் போகும் மகள் பிரியந்தினி இந்நேரம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குப் பறந்துகொண்டிருக்கிறாள். "நூத்தியெம்பது கிலோமீட்டருதாம்மா, ஒரு மணி நேரம். ஒங்க கூடை நெறையிறதுக்குள்ள எறங்கிட்டேன்னு போன் பண்ணிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நேற்று பஸ் ஏறினாள். மடியில் போன் பேசாமல் கிடக்கிறது. இலை நுனிகளில் நீர் சொட்டுகிறது. "கூடை நெறஞ்சிருச்சே அக்கா, நிறுக்கப் போகலையா?" என்கிறாள் பக்கத்து நிரையில் நிற்கும் தவமணி. "இன்னும் நெறையல" என்கிறாள் அழகம்மை. அமுக்கினால் கொழுந்து கறுத்துவிடும் என்று தெரிந்தும், தோளுக்குப் பின்னால் கையை விட்டு மெல்ல அமுக்கி, இன்னும் ஒரு பிடிக்கு இடம் செய்கிறாள்.