கருங்கல் பெஞ்சு

அதன் மேல் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புங்கமர நிழலில் ஒரு புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். இலையில் புளிச்சோறு. பக்கத்தில் தூக்குவாளி. சிற்பங்களின் மேல் உட்காரக் கூடாது என்று சிற்பக் கல்லூரித் தோட்டத்து வாசலில் எழுதித்தான் போட்டிருந்தது. ஆனாலும் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பெஞ்சு என்று நினைத்துவிட்டார்கள்.

பெஞ்சுதான்.

அவளும் கணவரும் நடத்தும் டீக்கடையின் பெஞ்சு. ஆத்தூரில் கடைக்கு முன்னால் கிடப்பது அப்படியே இங்கே கருங்கல்லில் கிடந்தது. ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்த செங்கல்லைக்கூட விடாமல் செதுக்கியிருந்தான். பலகையின் வெடிப்பையும் விடவில்லை.

பக்கத்தில் நட்டிருந்த தகரத்தில் பெயர் இருந்தது. மதியழகன், இறுதியாண்டு.

அவளுடைய பிள்ளை.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் உடைக்க ஒரு காலேஜா என்று மகனிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். அங்கே என்னதான்டா செய்கிறாய் என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம், இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்பான் அவன். கடையை ஒரு நாள் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்பார் இவர்.

தை மாதம் பைக்கில் வந்தவனை லாரி அடித்தது. காரியம் முடியும்வரை கடை அடைத்தே கிடந்தது.

வாடிக்கை எங்கேயும் போய்விடவில்லை.

போன வாரம் அவனுடைய ஆசிரியர் கூப்பிட்டு, அவன் செய்ததைத் தோட்டத்தில் வைத்திருக்கிறோம் என்றார். என்ன செய்தான் என்று கேட்கக்கூட இவருக்கு வாய் வரவில்லை. இன்று காலையில் பஸ் ஏறிவிட்டார்கள்.

வந்து பார்த்தால் இது.

புளிச்சோற்று எண்ணெய் இலையைத் தாண்டிக் கல்லில் வழிந்திருந்தது. அவள் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். எழுந்திருங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

அதற்குள் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா இவர்களைப் பார்த்துவிட்டாள். வெயிலில் ஏன் நிற்கிறீர்கள் என்று நகர்ந்து இடம் விட்டாள்.

கடை வைத்த நாளிலிருந்து அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அது வருகிறவர்களுக்கு. இப்போது ஓரமாக உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். கல் குளுகுளுவென்றிருந்தது.

அந்த அம்மா நன்றாகப் பேசினாள். கோயிலுக்கு வந்தார்களாம். வெயில் தாங்காமல் நிழல் தேடி உள்ளே நுழைந்தார்களாம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இரண்டு இலையில் சோறு வைத்து நீட்டினாள். அப்புறம், எல்லோரும் கேட்பதை அவளும் கேட்டாள். பிள்ளைகள் எத்தனை?

இவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

காலையில் பஸ்ஸிலும் ஒருவர் இதைக் கேட்டார். ஒரே பையன், செத்துப்போயிட்டான் என்று பட்டென்று சொன்னார் இவர். பொய் வராத வாய். பால் திரிந்துவிட்டால் அதையும் சொல்லிவிட்டு, வரக்காப்பி போடவா என்று கேட்கிறவர். பஸ்ஸில் கேட்டவர் அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அவளுக்கு அப்போது இவரைப் பிடிக்கவே இல்லை.

இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார். சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தாள்.

“ஒரே பையன்ங்க,” என்றார். “இங்கதான் படிக்கிறான்.”

அவள் கை நின்றது.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். “லீவு உட்டாச்சுங்களே. இன்னும் ஊருக்கு வரலீங்களா?”

அவர் கல்லில் இருந்த வெடிப்பைத் தடவினார்.

“வேலை கொஞ்சம் கெடக்குதாம். முடிச்சுட்டு வருவான்.”

ஹாஸ்டல் சோறு என்ன சோறு என்று அலுத்துக்கொண்டாள் அந்த அம்மா. தூக்குவாளியில் மிச்சமிருந்ததை வழித்து இலையில் வைத்தாள். பிள்ளையிடம் கொடுங்கள் என்று மடிக்கப் போனவள், காரம் தாங்குவானா என்று அவரைக் கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. கண் கலங்கி மனைவி பக்கம் திரும்பினார்.

“தாங்குவான்,” என்றாள் அவள். “இன்னும் கொஞ்சம் வைங்க. நல்லாச் சாப்புடுற புள்ள.”