மதகைத் திறக்கும் நேரம்

“குளிக்காதேன்னு சொல்ல நீ யாரும்மா?”

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய வாசலிலேயே மடக்கிவிட்டார் குராமோச்சி. இசோமி ஊரின் ஒரே பெரிய விடுதி அவருடையது.

“ஒரு நாள்தான் அண்ணே,” தலை குனிந்தாள் சவாகோ. நிலையப் பொறுப்பாளர் அவள்தான். “தொட்டிக்குக் காத்து அடிக்கிற மோட்டார்ல ஒண்ணு ஏற்கெனவே ரிப்பேர். இன்னொண்ணு காலையில கருகிடுச்சு. புதுசு நாளைக்கு மத்தியானம்தான் வரும். காத்து இல்லேன்னா அழுக்கைத் தின்னுற நுண்ணுயிரெல்லாம் செத்துடும்.”

“சாகட்டுமே! என் விடுதியில நாப்பது பேர் இருக்காங்க. இந்தக் குளிர்ல வெந்நீர்ல முங்கிக் குளிக்கத்தானே அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க?”

“வர்ற தண்ணியைச் சுத்தம் பண்ண முடியாம மழைநீர்த் தொட்டியில தேக்கி வெக்கிறோம். அது நிறைஞ்சா, மதகைத் திறந்து அப்படியே கடல்லதான் விடணும். குடாவுல சிப்பி வளருது அண்ணே. சனங்க பச்சையா திங்கிற சிப்பி.”

“சிப்பிக்காரன் பிழைக்க நான் கடையை மூடணுமா? ஒரு மோட்டாரை ஒழுங்கா வெச்சுக்க வக்கில்லே, ஊரையே குளிக்காதேங்கிறே!”

விருட்டென்று போய்விட்டார்.

உள்ளே தொலைபேசி ஓயவில்லை. துணி துவைக்கக் கூடாதா? குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாதா? ஒலிபெருக்கியில அறிவிச்சிட்டா ஆச்சா? எல்லாரிடமும் சவாகோ மன்னிப்புக் கேட்டாள்.

“ஏன் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறே?” என்றார் மெக்கானிக் தொபாஷி. “பூகம்பம் வந்தாக்கூட நம்ம ஊர்க்காரன் குளிச்சிட்டுத்தான் வெளியே ஓடுவான். அஞ்சு மணிக்கு வெந்நீர் போட ஆரம்பிப்பான். ஏழு மணிக்கு நாம மதகைத் திறக்கணும். எழுதி வெச்சுக்கோ.”

குடாவில் சிப்பி வளர்க்கிற குடும்பங்கள் முப்பது. ஒரு முறை அழுக்குத் தண்ணீர் கலந்தால் இந்தக் குளிர்காலத்து அறுவடையே போச்சு.

ஐந்து மணி. இரண்டு பேரும் தொட்டிக் கரையில் நின்றார்கள். நீர் மட்டம் ஏறவில்லை.

ஆறு மணி. ஒரு சாண் ஏறியது. அவ்வளவுதான்.

ஏழு மணி. பாதித் தொட்டிகூட நிறையவில்லை.

தொபாஷி பதறினார். “குழாய் எங்கேயோ அடைச்சுக்கிச்சும்மா! தெருவுல பொங்கி வழியப் போகுது. ஓடு, ஓடு!”

சவாகோ சைக்கிளை மிதித்தாள். கடைத்தெருவில் பாதாளச் சாக்கடை மூடியைக் கொக்கியால் நெம்பித் திறந்து டார்ச் அடித்தாள்.

அடைப்பு எதுவும் இல்லை. அடியில் நூல் மாதிரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். நூடுல்ஸ் கடை மூடியிருந்தது. பக்கத்து சலூனும் மூடியிருந்தது. எதிரே விடுதி வாசலில் தோளில் துண்டோடு விருந்தாளிகள் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம் ஏறுங்க!” என்று குராமோச்சி இரைந்துகொண்டிருந்தார். “பக்கத்து ஊர்ல போய்க் குளிக்க வேண்டியிருக்கு. எல்லாம் அந்தப் பொம்பளையால வந்த வினை!”

சவாகோவுக்கு முகம் சுருங்கிப் போனது. “இன்னும் திட்டு ஓயலையா?” என்றாள், மூடிய கடை வாசலில் நின்றிருந்த நூடுல்ஸ் கடைக்காரம்மாவிடம்.

“காலையிலேர்ந்து இதே பாட்டுதான்,” சிரித்தாள் கடைக்காரம்மா. “உன்னைத் திட்டிக்கிட்டே வீடு வீடா ஏறி, ‘குழாயை மூடு’ன்னு ஊர் முழுக்க சண்டை போட்டது அந்த மனுஷன்தானே!”